மூன்று தரம் கூப்பிட்டால்

என்னோடு அந்தக் காலத்தில் லண்டன் பிளேஸ்டோவில் வளர்ந்தவர்களே, கோடை விடுமுறை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். சவுத்எண்ட் கடற்கரை. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் புளிச்சாதம். சேலையை முழங்கால் மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் நிற்கும் அம்மாமார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஒரேயொரு வருடத்தைத் தவிர. அந்த வருடம் நாங்கள் ஆபிரிக்காவுக்குப் போனோம். ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்துக்குள் போய் ஓர் இரவு படுத்தோம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது உங்களில் ஒருவரும் நம்பவில்லை. புளுகி என்று பட்டம் வைத்தவர்கள் இரண்டு பேர் இப்போதும் எனக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், நரைக்குச் சாயம் பூசிக்கொண்டு. உங்கள் மேல் கோபம் இல்லை. அன்று நான் சொன்னதும் பாதிதான். மாடிப்படி ஏறினால் முழங்கால் கதைக்கத் தொடங்கும் இந்த வயதில் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். விடிய வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து டெலிடெக்ஸ்ட் பார்ப்பார். மலிவு விடுமுறைப் பயணங்கள் டீவியில் எழுத்தாக வரும். பக்கம் மாறுவதற்குள் வாசித்துவிட வேண்டும். தவறவிட்டால் மற்றப் பக்கங்கள் எல்லாம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா வாங்குகிறவர் இல்லை, சந்தையைச் சுற்றிப் பார்க்கிறவர். ஆனால் ஒருநாள் துனீசியா என்ற பக்கம் வந்தபோது தொலைபேசியைத் தூக்கிவிட்டார்.

அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். "உது எங்கை இருக்கு?"

"கடல் இருக்கு, வெயில் இருக்கு. காணாதே?"

"கோயில் இருக்கோ?"

"உம்மை அங்கை கொண்டுபோனா ஒண்டு கட்டுவினம்," என்றார் அப்பா.

பகிடிதான். ஆனால் அப்பா அந்தப் பயணத்தை எடுத்தது எங்களுக்காக இல்லை, மாமாவுக்காக. மாமா அம்மாவின் ஒரே தம்பி, அப்போது இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர அவருக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. வந்து இரண்டு வருடமாகியும் அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. மாடியில் இருந்த சின்ன அறையில் அவருடைய விளக்கு விடியும்வரை எரியும். சோடாப் போத்தல்களைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, கட்டிலுக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைப்பார். அம்மா ஒருநாள் அறை கூட்டப் போய் முப்பதுக்கு மேற்பட்ட போத்தல்களைக் கண்டு, "குழாயைத் திறந்தால் தண்ணி வருகிற நாட்டிலை உனக்கேனடா உது?" என்று எல்லாவற்றையும் எடுத்துத் தோட்டத்து ரோஜாவுக்கு ஊற்றிவிட்டார். அடுத்த கிழமை போத்தல்கள் திரும்பவும் இருந்தன. கண்ணூறு என்று அம்மா மனோர் பார்க் கோயிலில் நூல் வாங்கிக் கையில் கட்டிவிட்டார். கடற்காற்று பட்டால் சரிவரும் என்று அப்பா டெலிடெக்ஸ்ட் பார்த்தார். வழியில் உனக்கு என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படித்தானே? வந்து சேர்ந்தவரிடம் எந்த ஏஜென்சி கூட்டிக்கொண்டு வந்தது, எத்தனை மாதம், எத்தனை நாடு என்று கேட்பார்கள். அதோடு நிறுத்திவிட்டுச் சோறு போடுவார்கள். கேட்டால் அவர் அழுதுவிடுவார் என்ற பயமா, தாங்கள் அழவேண்டி வரும் என்ற பயமா, எனக்குத் தெரியாது. மாமாவும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பதினான்கு மாதம், ஆறு நாடு.

ஹோட்டல் கடற்கரையோடு இருந்தது. அம்மா தன் பெட்டியில் ரைஸ்குக்கர், அரிசி, இடித்த சம்பல் எல்லாம் கொண்டுவந்து, அறையின் குளியலறைக்குள் சோறு வடித்தார். மாமா நாள் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவர் ஒரு தரம் சிரித்தார், நான் ஜெலிமீனை மிதித்துக் கத்தியதற்கு. அப்பா அம்மாவைப் பார்த்து, நான் சொன்னேன்தானே என்று தலையை ஆட்டினார். அந்தச் சந்தோசத்தில்தான் அவர் போய் அடுத்த காரியத்தையும் ஒழுங்கு பண்ணினார்.

"நாளைக்கு ஒட்டகம்," என்றார், காலைச் சாப்பாட்டு மேசையில். "பாலைவனத்துக்குள்ளை போய் ஒரு இரவு படுக்கிறது. எல்லாருக்கும் சொல்லியாச்சு."

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் ஹோட்டலிலை நிக்கிறன் அத்தான். நீங்கள் போட்டு வாங்கோ."

"விசர்க் கதை கதைக்காதை மச்சான். உனக்காகத்தானே ஒழுங்கு பண்ணினது."

"மணல் எனக்குச் சரிவராது அத்தான்."

"ஊரிலை மணற்காட்டு மணலிலை உருண்டு வளந்தவன் கதைக்கிற கதையே உது!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஒரு மனிதன் மன்றாடிக்கொண்டிருந்தான். நாங்கள் பகிடி விட்டோம்.

பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் போனோம். பேரீச்ச மரங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஊர், அதற்கு அப்பால் மணல். எங்கள் நான்கு பேரோடு வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் வந்திருந்தார்கள், எல்லாமாக ஆறு பேர். ஒட்டகக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். நீண்ட அங்கிக்குள் உதைபந்தாட்டச் சட்டை போட்டிருந்தார், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அம்மா அப்பாவின் விளையாட்டுக் காற்சட்டையை உள்ளே போட்டு அதற்கு மேல் சேலை உடுத்திருந்தார். ஒட்டகம் பின்னங்காலை முதலில் நிமிர்த்தி எழும்பியபோது அவர் முன்பக்கம் சரிந்து, "முருகா!" என்று கத்தியதில் மற்ற ஒட்டகங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அந்த நேரத்தில் அப்பா எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அதுவரைக்கும் எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் பின்னால் ஊரின் சத்தம் நின்றுவிட்டது. ஒட்டகத்தின் வயிறு உறுமும், சேணம் கிரீச்சிடும். காலடிச் சத்தம் மட்டும் கிடையாது. அவ்வளவு பெரிய மிருகம் ஒரு சத்தமும் இல்லாமல் கால் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பின்னால் மாமாவின் ஒட்டகம், அதுதான் கடைசி. அவர் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் தடங்கள் மட்டும் இருந்தன, காற்று அவற்றையும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

வழியில் ஒரு தரம் நிறுத்தி இறங்கினோம். ஒட்டகக்காரர் விரலை நீட்டி எங்களை எண்ணினார். முகத்தைச் சுருக்கினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு ஒவ்வொரு ஒட்டகமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்றாம் முறை எண்ணினார்.

"ஒட்டகத்தையும் சேத்து எண்ணுறான் போல," என்றார் அப்பா.

பொழுதுபட ஒரு மேட்டின் அடியில் தங்கினோம். ஒட்டகக்காரர் நெருப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டார். கறுப்பாக, பனங்கட்டி மாதிரி இனித்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளை மணலில் வைத்து ஊற்றினார். எங்கள் ஆறு பேருக்கு அவர் ஏழு குவளை ஊற்றினார். தனக்கில்லை, அவர் தன் பங்கைக் கேத்தல் மூடியில் குடித்தார். ஏழாவது குவளை மாமாவுக்குப் பக்கத்தில் ஆறிக் குளிரும்வரை அப்படியே இருந்தது. வெள்ளைக்காரி அதைச் சுட்டிக்காட்டி, யாருடையது என்று கேட்டார். மாமா கையால் கொஞ்சம் மணலை அள்ளி, குவளை சரியாமல் அடியில் அணைத்து வைத்தார். அவர் அப்படிச் செய்ததை நான் மட்டும்தான் கண்டேன்.

இரவு குளிர்ந்தது. லண்டன் குளிரை விட மோசம், ஏனென்றால் நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை. ஒட்டகக்காரர் ஒட்டக மயிரில் நெய்த கம்பளிகள் தந்தார். அவை பழைய மூத்திர நாற்றம் அடித்தன. அம்மா, நான், மாமா, அப்பா என்று வரிசையாகப் படுத்தோம். நெருப்புக்கு மற்றப் பக்கம் வெள்ளைக்காரர்கள். அப்பா படுத்தவுடன் குறட்டை. நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டேன்.

எத்தனை மணிக்கு விழித்தேனோ தெரியாது. நெருப்பு தணலாகிவிட்டிருந்தது. அம்மாவின் பக்கம் கை வைத்தேன். கம்பளி குளிர்ந்து கிடந்தது. மறுபக்கம் திரும்பினால் மாமா நிமிர்ந்து இருந்தார், படுக்கவே இல்லைப் போல.

"அம்மா எங்கை மாமா?"

"ஒண்டுக்குப் போனவ."

"எப்ப?"

"கனநேரம் ஆச்சு," என்றார்.

ஏன் தேடிப் போகவில்லை, ஏன் அப்பாவை எழுப்பவில்லை என்று நான் கேட்பதற்குள் அந்தக் குரல் வந்தது. தூரத்திலிருந்து, என் பெயரைச் சொல்லி. முழுப் பெயர் அல்ல, வீட்டில் கூப்பிடும் பெயர்.

நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"பொறு," என்றார் காதுக்குள். "மூண்டு தரம் கூப்பிடட்டும்."

உங்களுக்கு இது தெரியும். இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதலாம் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் வாய் திறக்கக்கூடாது. மனிதர் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள். மற்றதுக்கு இரண்டுக்கு மேல் ஏலாது, அதற்கு ஓம் என்றால் கூட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் அம்மாமார் இதை ஊரிலிருந்து வெந்தயத்தோடும் வேப்பம்பூவோடும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் அதை நன்றாகப் பாவித்தோம். சாமான் கழுவ வா என்று கீழேயிருந்து கூப்பிட்டால் மூன்றாம் தரம்வரை மாடியில் பேசாமல் இருந்துவிட்டு, "பேயோ எண்டு நினைச்சன் அம்மா," என்று சொல்லி எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறோம்.

அங்கே அது பகிடியாக இல்லை. குரல் இரண்டாம் தரமும் கேட்டது. இந்த முறை இன்னும் தள்ளி. மாமாவின் உள்ளங்கை வேர்த்து என் உதட்டில் உப்புக் கரித்தது.

நான் மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தேன். அப்பாவின் குறட்டையும் நின்றிருந்தது. ஒட்டகங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு இருந்தன. மாமாவின் கை மெல்ல என் வாயை விட்டு விலகியது. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், இதைத்தான் முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொல்லவில்லை. கை விலகிய பிறகும் நான் கத்தவில்லை. என் அம்மா இருட்டுக்குள் வழி தவறி என்னைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நான் பயத்தில் வாயை இறுக்கிக்கொண்டு, இன்னும் ஒரு தரம் கூப்பிடுங்கோ அம்மா, இன்னும் ஒரே ஒரு தரம் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் தரம் வரவில்லை.

மாமா எழுந்து நின்றார். திடீரென்று, நெஞ்சு கிழிகிற மாதிரிக் கத்தினார்.

"ஓமடா! ஓம்! நான் இஞ்சை நிக்கிறன்! வாறனடா!"

கத்திக்கொண்டே வெறுங்காலோடு இருட்டுக்குள் ஓடினார்.

அப்பா துடித்து எழும்பினார். வெள்ளைக்காரர்களும் எழும்பினார்கள். ஒட்டகக்காரர் விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஓடிவந்து எண்ணினார், நான்கு பேர். பின்னால் போகப் பார்த்த அப்பாவை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, நெருப்பைக் காட்டினார். இருந்த விறகை எல்லாம் போட்டு எரிக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் விளக்கோடு மேட்டின் இடது பக்கம் போனார். மாமா ஓடியது வலது பக்கம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதுவும் வரவில்லை. அப்பா நெருப்புக்கு முன்னால் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். அம்மாவின் பெயரை அப்பா சொல்லி அன்றுதான் நான் கேட்டேன், இஞ்சருமப்பா என்றுதான் எப்போதும். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. அம்மா இல்லாமல் நான் பிளேஸ்டோவுக்குத் திரும்பிப் போவதைக் கண்ணால் கண்டேன். விமானத்தில் ஒரு வெறும் இருக்கை. சமையலறை விளக்கு நூர்ந்து இருட்டாகக் கிடக்கும்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் இரண்டு பேர் மேட்டைச் சுற்றி வந்தார்கள். மாமா அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். அம்மாவின் காலில் செருப்பு இல்லை, சேலை முழுக்க மணல். அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காமல், பக்கத்தில் நின்று ஏசத் தொடங்கினார், எங்கள் அப்பாமாருக்குத் தெரிந்தது அதுதானே. அம்மா ஏச்சு முடியும்வரை நின்றுவிட்டு, "லண்டனிலை ஒருத்தருக்கும் இதைச் சொல்லக்கூடாது," என்றார். என்னையும் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

புறப்படும்போது ஒட்டகக்காரர் விரல் நீட்டி எண்ணினார். ஒரே தரம்தான் எண்ணினார். திரும்பிப் போகும்போது மாமா பஸ்ஸில் ஏழு மணித்தியாலமும் நித்திரை கொண்டார், வாயைத் திறந்து, குழந்தை மாதிரி. கடற்காற்று வேலை செய்துவிட்டது என்று அப்பா சொன்னார்.

அதன் பிறகு நான் எதற்கும் தாமதித்துப் பதில் சொன்னதில்லை. உங்களில் பலர் அதற்காக என்னைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள், கேள்வி முடியுமுன்னே ஓம் சொல்கிறவள் என்று. அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால் பாதிப் பெயரிலேயே ஓடினேன். சாமான் கழுவினேன். நல்ல பிள்ளை என்று அம்மா எல்லோருக்கும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

போன வருடம் அப்பா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து படங்களை ஒதுக்கும்போது அந்த ஒட்டகப் படம் வந்தது. அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இனியும் எத்தனை நாள் வைத்திருப்பது என்று சொல்லிவிட்டேன், அழுதுகொண்டுதான்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான்தான் பேசாமல் கிடந்தனான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எங்கையடி கூப்பிட்டனான்?"

"ரெண்டு தரம் கூப்பிட்டனீங்கள்."

"நான் வாயே திறக்கேல்லைப் பிள்ளை. கத்தினா அந்த வெள்ளைக்காரர் எழும்பிடுவினம், நான் எதுக்குப் போனனான் எண்டு தெரிஞ்சிடும் எண்டு வெக்கத்திலை பேசாமல் இருந்திட்டன். அவைக்குத் தெரியக்கூடாதெண்டுதான் அவ்வளவு தூரம் போனனான். ரோச் லைட்டும் நூந்து போச்சு. அப்பா கத்தினதும் கேட்டது. அதுக்கும் வெக்கத்திலை வாய் திறக்கேல்லை. விடியட்டும் எண்டு குந்திக்கொண்டு இருந்தன்."

உலகத்தில் வேறு எந்த இனத்துப் பெண்ணாவது சகாராவில் வழி தவறி, அடுத்தவர் என்ன நினைப்பார் என்று குரல் கொடுக்காமல் இருந்திருப்பாளா என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப மாமா உங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சவர்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. கத்திக்கொண்டு நேரை என்னட்டை ஓடி வந்தான். என்னைக் கண்டும் நிக்கேல்லை. என்னைத் தாண்டி ஓடப் பாத்தான். நான்தான் எட்டிக் காலைப் பிடிச்சு விழுத்தினன்." அம்மா படத்தைக் கையில் எடுத்துத் துடைத்தார். "அவன் அண்டைக்கு என்னைத் தேடி வரேல்லைப் பிள்ளை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செவன் கிங்ஸில் இருக்கும் மாமாவின் வீட்டுக்குப் போனேன். அறுபதை எட்டப்போகிறார். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள், மாமி வேலைக்குப் போயிருந்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்டைக்கு என்ரை பேர் கேட்டதுதானே மாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன்ரை பேரோ?"

"ஓம். ரெண்டு தரம்."

கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்கு என்ரை பேர் எல்லோ கேட்டது," என்றார்.

அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. என் பெயர் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடத்தில் எல்லோரும் கேட்காமல் விட்ட கேள்வியை, வழியில் உங்களுக்கு என்ன நடந்தது என்று, அப்போது கேட்டேன். அவர் சொன்னார். அவரோடு ஊரில் ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதன் ஒருவன், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். நான்காவது நாட்டிலிருந்து ஐந்தாவது நாட்டுக்கு மணலுக்குள்ளால் லொறி. சாமான் மூட்டைகளுக்கு மேல் இருபத்தாறு பேர், விழாமல் இருக்கத் தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. எல்லைக்குக் கிட்ட என்றபடியால் விளக்கு இல்லாமல் ஓடியது. சத்தம் போட்டால் எல்லோரையும் அந்த இடத்திலேயே இறக்கிவிடுவேன் என்று ஓட்டுகிறவன் சொல்லியிருந்தான்.

"அவன் நித்திரைத் தூக்கத்திலை விழுந்திட்டான் பிள்ளை. எனக்குப் பக்கத்திலை இருந்தவன். விழுந்தது தெரிஞ்சது. பின்னாலை இருட்டுக்குள்ளை நிண்டு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். லொறியிலை தட்டி நிப்பாட்டியிருக்கலாம். நான் தட்டேல்லை. அவன்தானோ, வேறை ஏதுமோ, மூண்டாம் தரமும் கூப்பிட்டா அவன்தான், அப்ப தட்டுவம் எண்டு எனக்கு நானே சொன்னன். ரெண்டாம் தரம் கேட்டது. பேந்து கேக்கேல்லை."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கையை விரித்து, அதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"லொறி ஓடிக்கொண்டெல்லோ இருந்தது பிள்ளை. அவன் நூறு தரம் கூப்பிட்டிருந்தாலும் எனக்கு ரெண்டு தரம்தான் கேட்டிருக்கும்."

நான் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இது பிழை இல்லை மாமா என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொல்ல நான் யார்? என்னுடைய வாயும் அன்று மூடித்தானே கிடந்தது.

"அவருக்கு ஊரிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"தாய் இருக்கிறா. எண்பத்தெட்டு வயசு. பொலிஸ் பிடிச்சு வேறை பக்கம் கொண்டுபோனது, எங்கையோ சிறையிலை இருப்பான் எண்டு நான்தான் காயிதம் எழுதினனான். அவ இப்பவும் பாத்துக்கொண்டு இருக்கிறாவாம். கோயிலுக்குப் போறதெண்டாலும் வீட்டைப் பூட்டுறேல்லையாம்."

"நம்பர் இருக்கோ?"

"எப்பவும் இருக்கு. ஒருநாளும் அடிச்சதில்லை."

மாமா கண்ணாடியைப் போட்டு, போனை எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். இரண்டு முறை பிழையாக அழுத்தினார். மூன்றாம் முறை போனது. யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம், ஆட்கள் படுத்து எழும்புகிற நேரம், கிழவி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நான் நினைத்தேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"ஓம், ஓம், ஆர்?" என்றது ஒரு பழைய குரல், ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

மாமா தன் பெயரைச் சொன்னார்.